வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம்

மார்ச் 6, 2018

அன்புள்ள வெர்னா அம்மாவுக்கு,

நானும் ஜூனியும் உயிரோடு இருக்கிறோம். உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான் என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் தேவாலயத் தோழி வாண்டா வீட்டு முகவரிக்கு இதை அனுப்புகிறேன். அவர் உங்கள் கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தொலைபேசியில் கூப்பிடாதீர்கள். உங்கள் தொலைபேசிக் கணக்கும் உங்கள் பிள்ளை ராய்ஸ் பெயரில்தான் இருக்கிறது, யார் யாரிடம் பேசினார்கள் என்று அவர் பார்ப்பார். எனக்கு எழுத வேண்டுமானால் உறையில் உள்ள தபால் பெட்டி எண்ணுக்கு எழுதுங்கள். ஓஹையோ அரசு எங்களைப் போன்றவர்களுக்காக வைத்திருக்கும் பெட்டி அது. அங்கிருந்து எனக்கு வந்துவிடும்.

தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். உறிஞ்சு குழலில் சூப் குடிக்கிறேன். இடது காதில் இரைச்சல் நிற்கவில்லை. அன்று நீங்கள் பால் ஜாடியோடு சமையலறை வாசலில்தான் நின்றீர்கள், ஆகையால் எப்படி நடந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. ஜூனிக்கு இன்சுலின் தீரப்போகிறது, மருந்துக்கடைக்கு வண்டி வேண்டும் என்று கேட்டேன். வேறெதுவும் நான் கேட்கவில்லை. அவர் அடுப்பிலிருந்த இரும்புச் சட்டியை எடுத்தார். இரண்டாவது அடி விழுமுன் நீங்கள் ஜாடியைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஜூனியின் கண்களைப் பொத்தினீர்கள். அதை நான் மறக்கவில்லை. அப்புறம் தரையைத் துடைத்தீர்கள். அதையும் மறக்கவில்லை.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்து, மருத்துவமனையில் டாக்டர் "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டபோது "படியில விழுந்துட்டேன்" என்றேன். ஒரு மாநிலம் தாண்டி வந்தும் வாயில் அதுதான் வந்தது.

ஒரே ஒரு உதவி. ஜூனியின் இன்சுலின் ராய்ஸ் வேலை பார்க்கும் டயர் தொழிற்சாலையின் காப்பீட்டில்தான் வருகிறது. கோபத்தில் குழந்தையின் பெயரை எடுத்துவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.

உங்கள்
ட்வைலா


மார்ச் 19

அன்புள்ள ட்வைலா,

உன் கடிதத்தை வாண்டா பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். பிரசங்கம் முழுக்க என் மடி சுட்டது.

குழந்தை சாப்பிடுகிறாளா? இரவில் சர்க்கரை இறங்கினால் எழுப்பிக் கொடுக்க ஆரஞ்சுச் சாறு வைத்திருக்கிறாயா? இங்கே ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டது. கோழிக் கூண்டு வரைக்கும் சேறு. நீ நட்ட வெங்காயம் முளைத்திருக்கிறது, உன்னைத் தவிர எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

நீ செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வார்த்தை சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். ராய்ஸ் அழுகிறான். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் போய் மண்டியிட்டு அழுதான், பாதிரியார் தலையில் கை வைத்தார். அவன் அப்பா ஹோபர்ட்டும் இப்படித்தான் இருந்தார். முதலில் அடி, அப்புறம் அழுகை. முப்பது வருஷத்துக்கு மேல் நான் இருந்தேன். எங்கே போவது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உனக்கு எப்படித் தோன்றியதோ.

காப்பீட்டைப் பற்றிக் கேட்டேன். "வருஷக் கடைசி வரைக்கும் யாரையும் எடுக்க முடியாதாம்மா, ஆபீஸ்ல கேட்டுட்டேன்" என்றான். ஆக, கேட்டிருக்கிறான்.

இன்னொன்று. சொல்லலாமா என்று தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். காப்பீட்டுக்காரர்களிடமிருந்து அவனுக்கு ஓர் உறை வந்தது. எந்த மருத்துவமனை, என்ன தேதி, என்ன சிகிச்சை என்று எல்லாம் போட்டிருந்ததாம். சாப்பாட்டு மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பீன்ஸும் சோள ரொட்டியும் ஆறிப்போயின. "அம்மா, கார்வர்ஸ்வில்ல நமக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டான். யாரையும் தெரியாதே என்றேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சனிக்கிழமை வண்டியில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு போனவன் இருட்டிய பிறகுதான் வந்தான். சேறு படியாத பூட்ஸோடு வந்தான், வேட்டைக்குப் போகவில்லை.

குழந்தைக்கு முத்தம்.

வெர்னா


மார்ச் 27

அன்புள்ள வெர்னா அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பெண்கள் காப்பகத்தார் அந்த ஊரைவிட்டு எங்களை வேறு ஊர் விடுதிக்கு மாற்றிவிட்டார்கள். நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் அங்கேயே அகப்பட்டிருப்போம். அந்தச் சனிக்கிழமை அவர் மருத்துவமனை வரவேற்பறைக்கு வந்திருக்கிறார். என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சொல்லமாட்டோம் என்றதும் அங்கிருந்த காவலாளியின் மூக்கில் முழங்கையால் இடித்து, கீழே விழுந்தவரின் முகத்தில் பூட்ஸ் காலால் மிதித்திருக்கிறார். அந்த மனிதருக்கு அறுபது வயதாம். ஒரு கண் போய்விடும் போலிருக்கிறது என்றார்கள். முகத்தைத் தொப்பியில் மறைத்திருந்ததால் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் சொன்னேன். இந்த முறை படியில் விழுந்த கதை சொல்லவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். ஆனால் மாநில எல்லையைத் தாண்டி வாரண்டு வந்து சேர நாளாகுமாம்.

காப்பீட்டு நிறுவனத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பல்லைக் கடித்தபடிதான் பேச முடிகிறது, அந்தப் பெண் மூன்று முறை "என்ன சொன்னீங்க?" என்றாள். பெயர் பிரிஜெட்டாம்.

"எனக்குப் பார்த்த வைத்தியத்தை ஏன் அவருக்கு எழுதி அனுப்பறீங்க?" என்றேன்.

"காப்பீடு அவர் பேர்ல இருக்கும்மா. விவரம் தெரிஞ்சுக்கிறது அவரோட உரிமை."

"என் உரிமை என்ன?"

"கையேட்டுல போட்டிருக்கும், பாருங்க. நோயாளியின் உரிமைகளும் பொறுப்புகளும்னு ஒரு பகுதி."

"என் தாடையில கம்பி இருக்கும்மா. அவர்தான் உடைச்சார். நீங்க அனுப்பின கடிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு எங்களைத் தேடறார். நீயே படிச்சுச் சொல்லு."

தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் வேறாக இருந்தது. மெதுவாகப் படித்தாள். என்னைப் பற்றிய தகவல் வீட்டுக்குப் போனால் எனக்கு ஆபத்து என்று நான் எழுதிக் கொடுத்தால், வேறு முகவரிக்கு மட்டும்தான் அவர்கள் அனுப்ப வேண்டும். அவர் கையெழுத்து வேண்டாம். அவருக்குச் சொல்லவும் கூடாது. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கையேடு எங்கள் அலமாரியில் கிடந்தது, வெர்னா அம்மா. நான் அதன் மேல் மாவு டப்பாவை வைத்திருந்தேன்.

எனக்கும் ஜூனிக்கும் சேர்த்து அப்படி எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் அது பதிவாகும் வரை பழைய முகவரிக்கே போகும் என்கிறாள் பிரிஜெட். ஜூனியை இங்கே குழந்தை மருத்துவரிடம் காட்டியிருக்கிறேன், காட்டாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கணக்கு இந்நேரம் போயிருக்கும்.

உங்கள் தபால் பெட்டியும் அவருடையதும் ஒரே கம்பத்தில்தான் இருக்கின்றன. அவர் வேலையிலிருந்து வருமுன் தபால்காரர் வந்துவிடுகிறார். இரண்டையும் நீங்கள்தான் எடுத்து வருகிறீர்கள். அந்த நிறுவனத்தின் உறை வந்தால் அடுப்பில் போட்டுவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ட்வைலா


ஏப்ரல் 9

அன்புள்ள ட்வைலா,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வாசல் படியில் வழுக்கி விழுந்தேன், வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மழைக்காலம், பாசி.

நீ கேட்டதை நான் செய்ய முடியாது. இன்னொருவர் தபாலை எடுப்பது சிறைக்குப் போகிற குற்றம், அது உனக்கும் தெரியும். அதைவிடப் பெரியது, அவன் என் பிள்ளை. என் வயிற்றில் பிறந்தவனிடமிருந்து திருடி உனக்குக் கொடுக்கச் சொல்கிறாய். நீ ஜூனியிடம் அப்படிச் செய்வாயா?

அந்தக் காவலாளியைப் பற்றி நீ எழுதியதை நம்பவே கூடாது என்றுதான் நினைத்தேன். அவனிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவன் எழுந்து வெளியே போனான். உன் கோழிகளை ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்துத் தூக்கிக் கம்பத்தில் அடித்தான். வெறும் கையால். அந்தச் சிவப்புப் பெட்டை கடைசி வரை கத்திக்கொண்டே இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு உள்ளே வந்து, ரத்தக் கையோடு உட்கார்ந்து, "யாரு சொன்னா உனக்கு?" என்றான். ஊரில் பேசிக்கொண்டார்கள் என்றேன். "எந்த ஊர்ல?" என்றான். அப்புறம்தான் நான் படியில் விழுந்தது.

எலும்பு டாக்டர், நல்ல பையன், "படியா?" என்று இரண்டு தடவை கேட்டான். "ஏன், எங்க வீட்டுக்குப் படி இருக்கக் கூடாதா?" என்றேன். சிரித்துவிட்டான்.

இனிமேல் எனக்கு எழுதாதே என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்ல வரவில்லை. ஜூனியின் பல் விழுந்ததா? ஆடிக்கொண்டிருந்ததே.

வெர்னா


ஏப்ரல் 17

அன்புள்ள வெர்னா அம்மாவுக்கு,

பல் விழுந்தது. ஆப்பிளில் ஒட்டிக்கொண்டு வந்தது. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். விழுந்த பல்லுக்குக் காசு வைத்துப்போகும் பல் தேவதைக்குப் புது முகவரி தெரியுமா என்று கவலைப்பட்டாள்.

உங்கள் படியை எனக்கும் தெரியும். அதில் நான் பலமுறை விழுந்திருக்கிறேன். நீங்கள்தான் ஐஸ் வைத்துக் கட்டினீர்கள். என் விலா எலும்பு முறிந்தபோது, "டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்னு தெரியுமில்ல?" என்று என் கோட்டுக்குப் பித்தான் போட்டுவிட்டீர்கள். அன்று அதை அன்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தக் கையேட்டை வரவழைத்து முழுவதும் படித்துவிட்டேன். உரிமைகள் ஒரு பக்கம். தனியாக வைத்து விசாரிக்கப்பட உரிமை, மரியாதையாக நடத்தப்பட உரிமை, நம் சார்பில் பேச யாரை வேண்டுமானாலும் நியமிக்க உரிமை. பொறுப்புகள் அடுத்த பக்கம். அதில் முதலாவது, வைத்தியம் பார்ப்பவரிடம் என்ன நடந்தது என்று உண்மையைச் சொல்வது. மற்றவர்களின் பொறுப்பையெல்லாம் நாம் இருவரும் சுமந்தோம். இதை மட்டும் செய்யவில்லை.

தபாலைப் பற்றி இனி கேட்கமாட்டேன். நீங்கள் சொன்னது நியாயம், ஒரு தாயிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். தகவலுக்காக மட்டும் சொல்கிறேன். என் விண்ணப்பம் பதிவாகிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே ஓர் உறை கிளம்பிவிட்டது என்று பிரிஜெட் அவளாகவே கூப்பிட்டுச் சொன்னாள். அழுதாள். குழந்தை மருத்துவரின் பெயரும் ஊரும் அதில் இருக்கின்றன. உடனே வேறு இடத்துக்கு மாற இங்கே விடுதியில் இடம் இல்லை. கதவுக்குக் குறுக்கே அலமாரியை நகர்த்தி வைத்திருக்கிறேன்.

நீங்கள் அங்கிருந்து வந்துவிடலாம். வாண்டாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ட்வைலா


மே 20

அன்புள்ள ட்வைலா,

மருத்துவமனையிலிருந்து எழுதுகிறேன். செய்தி உனக்கு எட்டியிருக்கும். செய்தித்தாளில் பாதி தப்பு. என்னிடமிருந்து கேட்டுக்கொள்.

உன் கடிதம் வந்த பிறகு, தபால்காரர் வரும் நேரத்துக்குக் கம்பத்தடியில் போய் நின்றேன். எடுக்கத்தான் போகிறேனா என்று எனக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை அந்த உறை வந்தது. எடுத்து, சமையலுக்காகக் கட்டியிருந்த ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பார்த்து தொழிற்சாலையில் இயந்திரம் பழுதாகிப் பாதி நாளில் அனுப்பிவிட்டார்கள். திரும்பினால் அவன் வண்டி பின்னால் நிற்கிறது.

"ஏப்ரன்ல என்ன?"

"என் மின்சாரக் கணக்கு."

"காட்டு."

அடுப்புக்கு ஓடினேன். எனக்கு எழுபத்தொரு வயது, எங்கே ஓடுவது? முடியைப் பிடித்து இழுத்துக் கட்டுப் போட்ட கையைத் திருகினான். எலும்பு மறுபடி உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. உறை அவன் கைக்குப் போய்விட்டது. படித்தான். துப்பாக்கியை எடுத்து வந்து வண்டியின் முன்சீட்டில் வைத்தான்.

"அவளை ஒண்ணும் செய்யமாட்டேன்மா. ஜூனிய மட்டும் கூட்டிட்டு வந்துடறேன்."

"துப்பாக்கி எதுக்குடா, குழந்தையைக் கூட்டிட்டு வர?"

அவன் சிரித்தான், ட்வைலா. ஹோபர்ட் சிரிக்கிற மாதிரியே.

அவன் வண்டியில் ஏறினான். நான் பின்னால் போய் நின்றேன். எங்கள் சந்து குறுகலானது, பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். இடது கையை வண்டியின் மேல் ஊன்றிக்கொண்டேன்.

"தள்ளிக்கோ."

"மாட்டேன்."

"அம்மா, கடைசியா சொல்றேன், தள்ளிக்கோ."

"என்னைத் தாண்டித்தான் போகணும் நீ."

பக்கக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன். பெற்றவள் நிற்கிறேன், எப்படிப் போவான்? அவன் பின்னால் எடுத்தான். விழுந்தேன். சக்கரம் இடுப்பில் ஏறி இறங்கியது. அவன் முன்னால் எடுத்தபோது மறுபடி காலில் ஏறியது. நான் கத்தவில்லை என்கிறான் பக்கத்து வீட்டு டெல்மர். கத்தினேன் என்றுதான் எனக்கு ஞாபகம். டெல்மர் ஓடிவந்து, என் காலைப் பார்த்துப் புல்லில் வாந்தி எடுத்துவிட்டு, வட்டாரப் போலீஸ் அதிகாரி ஷெரிஃபைக் கூப்பிட்டான். ஆற்றுப் பாலத்தில் மறித்திருக்கிறார்கள். ராய்ஸ் சுட்டிருக்கிறான். ஒரு போலீஸ்காரருக்குத் தோள்பட்டையில். இவனுக்குத் தொடையில். இரண்டு பேருமே பிழைத்துக்கொண்டார்கள்.

எனக்கு நினைவு வந்தபோது ஒரு பெண் டாக்டர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஷெரிஃப் ஆபீஸ் ஆளையும்தான். அந்த ஆள் ஹோபர்ட்டோடு மீன் பிடித்தவர், நல்ல மனசு. போகும்போது என் பக்கம் குனிந்து, "பின்னாடி நீங்க நின்னது அவனுக்குத் தெரிஞ்சிருக்காது, இல்லையா வெர்னா?" என்றார். எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார். அதில் நுழைந்துவிடலாம் என்று எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? படியைவிட அது நல்ல கதை.

அந்த டாக்டர் உட்கார்ந்து, "என்ன நடந்துச்சு? நீங்க சொல்றதை எழுதிக்கிறேன்" என்றாள்.

"என் பிள்ளை என்னைப் பார்த்தான். பார்த்துட்டுத்தான் ஏத்தினான்" என்றேன். மணிக்கட்டையும் சொன்னேன். அப்புறம் ஹோபர்ட்டையும் சொன்னேன், செத்து ஒன்பது வருஷமான ஆளை. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

வெர்னா


ஜூன் 1

அன்புள்ள வெர்னா அம்மாவுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நன்றி என்று எழுதினால் அது உங்கள் காலைப் பார்த்துச் சொல்லும் வார்த்தையாக இல்லை.

ராய்ஸை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதோடு காப்பீடும் போயிற்று. கடிதம் எனக்கே வந்தது, இந்தப் பெட்டிக்கு. ஒருநாள் முழுக்கத் தொலைபேசியிலேயே இருந்தேன். ஜூனிக்கு அரசின் குழந்தைகள் மருத்துவத் திட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது, இன்சுலின் தடையில்லை. எனக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை சொல்லியிருக்கிறார்கள். அதில் என் பெயரிலேயே காப்பீடு வரும். தாடைக் கம்பியை எடுத்துவிட்டார்கள். முதன்முதலில் ஒரு பன்னை இறைச்சிக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டேன், வாய் ஒரு பக்கமாகத்தான் மூடுகிறது. அந்தக் காவலாளியைப் போய்ப் பார்த்தேன். கண் போய்விட்டது. அவர் ஜூனிக்கு மிட்டாய் கொடுத்தார்.

உங்களைப் பார்க்க வர வேண்டும். வரச் சொல்வீர்களா என்று தெரியவில்லை. உங்களுக்கு நான் இப்போது என்ன உறவு என்றும் தெரியவில்லை. சொல்லுங்கள், வருகிறேன். வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள்.

ட்வைலா


ஜூன் 14

அன்புள்ள ட்வைலா,

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடுப்பில் இன்னும் ஒரு அறுவை பாக்கி இருக்கிறது. இல்லாத காலில்தான் அரிப்பு. டெல்மர் சோள ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தான், செங்கல்லுக்கு உறைபோட்ட மாதிரி இருந்தது. நன்றாயிருக்கிறது என்றேன். அந்த ஒரு பொய் மட்டும்தான் இங்கே வந்தபின் சொன்னேன்.

அறுவைக்கு முன்னால், எனக்கு நினைவு இல்லாமல் போனால் யார் முடிவெடுப்பது என்று கேட்டார்கள். பழைய தாளில் ராய்ஸ் பெயர் இருந்தது. மாற்ற எனக்கு உரிமை உண்டா என்று கேட்டேன். அந்த டாக்டர் சிரித்தாள், எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்றாள். உன் பெயரைச் சொல்லிவிட்டேன். உறவு என்ன என்று கேட்டார்கள். "அதை அவகிட்டயே கேட்டு எழுதிக்கோங்க" என்றேன்.

நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போகிறேன். அன்று டாக்டரிடம் சொன்னதையேதான் சொல்வேன். அவனுடைய வக்கீல் என்னைக் கிழவி, ஞாபகம் தடுமாறுகிறது என்பான். சொல்லட்டும்.

நீ வா. குழந்தையையும் கூட்டி வா. பாதிக் காலைப் பார்த்து அவள் பயந்தால், நானே சொல்லிக்கொள்கிறேன்.

புதன்கிழமை மட்டும் வராதே. சிறையில் பார்வையாளர் நாள் அது. மருத்துவமனை வண்டியில் டெல்மர் என்னைக் கூட்டிப் போகிறான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். இதுவரை போன இரண்டு தடவையும் ராய்ஸ் என்னைப் பார்க்க வெளியே வரவில்லை. நேரம் முடிந்ததும் திரும்பிவிடுகிறேன். அடுத்த வாரமும் போவேன். அதைப் பற்றி நீ என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது, ட்வைலா, ஒரு வார்த்தைகூட. மற்ற ஆறு நாளும் நான் உன் பக்கம்.

வெர்னா